எண்ணெய் தடவினால் வயிற்றில் தழும்பு வராதா?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தோம். உள்கடன் பக்கத்தில் ஒரு வரி: ‘மருத்துவச் செலவு, ரூ. 3,000’. கடன் வாங்கிய உறுப்பினருக்கு அப்போது ஐந்து மாதம், முதல் பிள்ளை. ஏதாவது பிரச்சினையோ என்று பதறிப்போய்க் கேட்டோம். “உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம், எண்ணெய் வாங்கினேன்” என்றார்.

வீட்டு வாசலுக்கு வந்த ஒரு வியாபாரி விற்ற எண்ணெய் அது. 100 மில்லி பாட்டில் 650 ரூபாய். ஐந்தாம் மாதத்தில் இருந்து பிரசவம் வரைக்கும் தடவினால் வயிற்றில் ஒரு தழும்பு கூட விழாது என்று சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டில் ஒரு மாதம் கூட வராது என்று நான்கு பாட்டிலாக வாங்கியிருக்கிறார் நம் உறுப்பினர். மீதிப் பணத்தில் வெண்ணெய் மாதிரி ஒரு கிரீமும். அதே தெருவில் இன்னும் சிலர் வாங்கியிருந்தார்கள்.

அன்றைக்கு நாங்கள் அவரைத் திட்டவில்லை. திட்டவும் கூடாது. முதல் பிள்ளை சுமக்கிற பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றிக் கவலை இருக்கத்தானே செய்யும்? ஆனால் இரண்டு வட்டிக்கு வாங்கிய அந்த 3,000 ரூபாய்க்கு என்ன பலன் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, ஆளுக்கொன்று சொன்னார்கள். “எங்க அம்மா விளக்கெண்ணெய் தடவினாங்க, எனக்கு ஒரு கோடு கூட இல்ல” என்றார் ஒருவர். “நானும்தான் தடவினேன், வயிறு பூரா வரி வரியா கெடக்கு” என்றார் பக்கத்தில் இருந்தவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் எது சரி? அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

தழும்பு எங்கிருந்து வருகிறது?

நம் தோலில் மேல் அடுக்கு மிகவும் மெல்லியது. அதற்குக் கீழே இருக்கும் உள்தோல்தான் தோலுக்குப் பலம் கொடுக்கிறது. அதில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. காஞ்சிபுரத்துப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவும் ஊடையும் போலத்தான். ஒன்று இழுவை தாங்கும், இன்னொன்று இழுத்து விட்டால் பழையபடி சுருங்கும்.

ஆறு, ஏழு மாதத்துக்கு மேல் வயிறு வேகமாகப் பெரிதாகிறது. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களும் இந்த நார்களின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி விடுகின்றன. இழுவை தாங்காத இடத்தில் உள்தோல் விட்டுப்போகிறது. மேல்தோல் கிழிவதில்லை, ரத்தம் வருவதில்லை. உள்ளே விட்டுப்போன இடம் மட்டும் வெளியே கோடாகத் தெரிகிறது. முதலில் சிவப்பாகவோ, ஊதாவாகவோ, நம் மாநிறத்தில் கரும்பழுப்பாகவோ இருக்கும். பிள்ளை பிறந்து மாதங்கள் போகப் போக வெளுத்து மங்கும். வயிற்றில் மட்டும் இல்லை, மார்பு, தொடை, இடுப்பிலும் வரும்.

கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இது வருகிறது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதில் பெரும்பங்கு பரம்பரைக்கு. உங்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் கர்ப்பமானவர்களுக்கும், எடை மிக வேகமாகக் கூடியவர்களுக்கும், குழந்தை பெரிதாக இருப்பவர்களுக்கும், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். கூட்டத்தில் பேசிய அந்த இருவருக்கும் நடந்தது பெரும்பாலும் இதுதான். ஒருவருக்கு அம்மா கொடுத்த தோல் நல்ல தோல். விளக்கெண்ணெய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது.

நம் ஊரில் இன்னொரு பேச்சு உண்டு: “வயித்த சொறியாதடி, சொறிஞ்சா தழும்பு விழும்.” சொறிவதால் இந்தத் தழும்பு வருவதில்லை. தோல் இழுபட்டு வறண்டால் அரிப்பு வருகிறது, அதே இழுவையால் தழும்பும் வருகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் ஒன்றால் ஒன்று வந்தது போலத் தோன்றுகிறது. ஆனாலும் நகத்தால் பிறாண்டாதீர்கள். புண் ஆகும், சீழ் வைக்கும்.

எண்ணெய் தடுக்குமா?

தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நாங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. வெவ்வேறு நாடுகளில் கர்ப்பிணிகளை இரண்டு மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எண்ணெயோ கிரீமோ கொடுத்து, இன்னொரு பிரிவுக்கு ஒன்றும் கொடுக்காமல் (அல்லது மருந்தில்லாத வெறும் கிரீம் கொடுத்து) பார்த்திருக்கிறார்கள். ஈரானில் ஆலிவ் எண்ணெயைச் சோதித்தார்கள். கோகோ வெண்ணெய் கிரீமையும் சோதித்தார்கள். தடவியவர்களுக்கும் தடவாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இப்படி நடந்த 6 ஆய்வுகளை, மொத்தம் 800 பெண்களின் விவரங்களை, ஒன்றாக வைத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2012-ல் அலசியது. மேலே பூசும் எந்த மருந்தும் தழும்பைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை என்றுதான் முடிவு வந்தது.

அதே 2012-ல் துருக்கியில் இருந்து வந்த ஒரு சின்ன ஆய்வு மட்டும் வேறு மாதிரி சொல்கிறது. முதல் பிள்ளை சுமந்த 141 பெண்கள். பாதாம் எண்ணெயை வைத்து 15 நிமிடம் மெதுவாக நீவி விட்டவர்களில் 100-க்கு 20 பேருக்குத் தழும்பு வந்தது. எண்ணெயைச் சும்மா பூசிக்கொண்டவர்களில் 100-க்கு 39 பேர். ஒன்றும் செய்யாதவர்களில் 41 பேர். கவனியுங்கள், எண்ணெய் மட்டும் பூசியவர்களுக்கும் ஒன்றும் செய்யாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. பலன் இருந்தது என்றால் அது நீவிய கைக்குத்தான், பாட்டிலுக்கு இல்லை. அதுவும் ஒரே ஒரு சின்ன ஆய்வு. இதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

காரணம் யோசித்தால் புரியும். எண்ணெய் மேல்தோலில் நின்றுவிடுகிறது. விட்டுப்போவது உள்தோல். புடவையின் மேலே எதைப் பூசினாலும் உள்ளே அறுந்த இழை ஒட்டாது.

அப்படியானால் எண்ணெயே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. தோல் வறட்சிக்கும், வயிறு இழுபடும்போது வரும் அரிப்புக்கும் எண்ணெய் நல்லது. நாள் பூரா வேலை பார்த்த உடம்புக்கு ஒரு இதம். அதற்கு வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் போதும். நல்லெண்ணெயும் ஆகும், கொஞ்சம் பிசுபிசுப்பு அதிகம். விளக்கெண்ணெய் தனியாகத் தடவினால் ரொம்பக் கெட்டி, தேங்காய் எண்ணெயோடு கலந்து தடவலாம். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லி. மாதத்துக்கு 150 மில்லி. சமையலுக்கு வாங்குகிற எண்ணெயிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

எந்த எண்ணெயானாலும் முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, மறுநாள் வரை பாருங்கள். தடித்தால், சிவந்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குளித்துவிட்டுத் தோல் ஈரமாக இருக்கும்போதே தடவினால் ஈரம் தங்கும். தறி வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, வெளியூர்ப் பத்திரிகைகளில் இதை எழுத மாட்டார்கள். தார் சுற்றுகிற கையிலோ, கோர்வைக்குத் துணையாக உட்கார்ந்து நாடா எடுத்துப் போடுகிற கையிலோ எண்ணெய்ப் பசை இருந்தால் பட்டில் கறை ஏறும், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே காலையில் வேண்டாம். வேலை முடிந்து, ராத்திரி படுக்கும் முன் தடவுங்கள். காலையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தறிப்பக்கம் போகலாம். உள்ளங்காலில் எண்ணெயோடு குளியலறைக்குப் போகாதீர்கள். வழுக்கி விழுந்தால் தழும்பு இருக்கட்டும், பிள்ளைக்கே ஆபத்து.

தடவுவது என்றால் தடவுவதுதான். அமுக்கக் கூடாது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தலையைத் திருப்பி விடுகிறேன் என்று யாராவது எண்ணெய் வைத்து வயிற்றைப் பிசைய வந்தால் விடவே விடாதீர்கள். எவ்வளவு அனுபவமுள்ள பாட்டியாக இருந்தாலும் சரி. நஞ்சு பிரிந்து ரத்தம் கொட்டிவிடும் அபாயம் உண்டு.

எண்ணெய் வாங்குகிற இடமும் முக்கியம். நம்முடையது கோயில் ஊர். சன்னதித் தெருக்களில் ‘தீப எண்ணெய்’ என்று குறைந்த விலைக்கு விற்கிறார்கள். அது விளக்கேற்ற மட்டும்தான். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சாப்பிடவும் கூடாது, உடம்பில் தடவவும் கூடாது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கை கால் வலிக்கு வைத்திருப்பீர்கள், அதை வயிற்றில் தடவ வேண்டாம். கற்பூரம் தோல் வழியாக உடம்புக்குள் போகக்கூடியது. விளக்கெண்ணெய் தடவலாம், ஆனால் ‘சுகப் பிரசவம் ஆகும்’ என்று குடிக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றிவிடும். மூலிகைத் தைலம் வேண்டும் என்று நினைப்பவர்கள் வாசலில் வருகிறவரிடம் வாங்காமல், அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் எத்தனை மாதம் என்று சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். படைக்கு, முகம் சிவப்பாக, என்று மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசுகிற டியூப் மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அதை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இதே மாதிரி வரித் தழும்பை அதுவே உண்டாக்கும். தழும்புக்கு என்று விற்கும் ரெட்டினாய்டு கிரீம்களையும் கர்ப்ப காலத்தில் தொடக் கூடாது.

உள்ளங்கை அரித்தால் எண்ணெய் தடவாதீர்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் உறுப்பினர் ஒருவருக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் தறி. கணவர் நெய்வார், இவர் கோர்வைக்கு உட்காருவார். திடீரென்று உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தது. வேலைக்கு உட்கார்ந்தால் காலைத் தறிக்கட்டையில் தேய்த்துக்கொண்டே இருப்பார். ராத்திரியில் இன்னும் மோசம். எழுந்து போய் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “உடம்பு சூடு, விளக்கெண்ணெய் தடவு” என்றார்கள் தெருவில். குழுக் கூட்டத்தில் எங்களிடமும் கேட்டார். நாங்களும் அதையேதான் சொன்னோம். “எட்டு மாசம் ஆச்சுல்ல, அரிக்கத்தான் செய்யும். எண்ணெய் தடவுங்க, சரியாயிடும்.”

பத்து நாள் தடவினார். தடுப்பூசி நாளில் சுகாதார செவிலியரைப் பார்த்தபோது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அவர் மூன்றே கேள்வி கேட்டார். எங்கே அரிக்கிறது? பகலிலா, ராத்திரியிலா? தோலில் தடிப்போ கொப்புளமோ இருக்கிறதா? உள்ளங்கை, உள்ளங்கால், ராத்திரி, தடிப்பு ஒன்றும் இல்லை என்று பதில் வந்ததும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் பாதித்திருந்தது.

இதற்குக் கர்ப்ப காலப் பித்தநீர்த் தேக்கம் என்று பெயர். டாக்டர்கள் ‘கொலஸ்டாசிஸ்’ என்பார்கள். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சரியாக வடியாமல் அதிலுள்ள பித்த அமிலம் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அரிப்பு அதனால் வருவது. பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்கு மேல் வரும். சிலருக்குச் சிறுநீர் அடர்த்தியான மஞ்சளாகும், மலம் வெளுத்துப் போகும், கண் மஞ்சளாகும். தாய்க்கு அரிப்போடு போய்விடலாம். ஆனால் குழந்தை குறை மாதத்தில் பிறக்கலாம். பித்த அமிலத்தின் அளவு மிக அதிகமானால் வயிற்றிலேயே குழந்தை இறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இது எல்லாருக்கும் வருகிற நோய் இல்லை, கொஞ்சம் பேருக்குத்தான் வரும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதில் மோசம். ரத்தப் பரிசோதனையில் மட்டும்தான் தெரியும்.

வயிறு இழுபட்டு வரும் அரிப்பு வயிற்றில், மார்பில், தொடையில் இருக்கும். எண்ணெய் தடவினால் அடங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் அரித்து, ராத்திரி தூக்கம் கெட்டு, தோலில் ஒன்றும் இல்லாமல் இருந்தால் மறுநாள் காலையிலேயே போய்க் காட்டுங்கள். செவிலியரைப் பிடிக்க முடியவில்லை என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள், காசு கிடையாது. “அரிப்புக்கெல்லாம் டாக்டரா?” என்று வீட்டில் சொன்னால் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அரிப்பு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தெரிந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிட வேண்டும். முதல் பிள்ளைக்கு இந்தப் பித்தநீர்த் தேக்கம் வந்தவர்கள் அடுத்த முறை முதல் பரிசோதனையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

அந்த உறுப்பினரை டாக்டர்கள் தொடர்ந்து பார்த்து, 37-வது வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை, 2 கிலோ 300 கிராம். இப்போது தறி வீட்டுத் திண்ணையில் ஓடுகிறாள். நாங்கள் ‘எண்ணெய் தடவுங்க’ என்று சொன்ன அந்தப் பத்து நாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்

எடை வேகமாகக் கூடினால் தழும்பு வரும் என்று மேலே எழுதியதைப் படித்துவிட்டுச் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் சராசரியாக 10 முதல் 12 கிலோ கூட வேண்டும். கூடாவிட்டால் குழந்தை எடை குறையும். ‘நிறைய சாப்பிட்டா பிள்ளை பெருசாயிடும், ஆபரேஷன் ஆயிடும்’ என்ற பயத்தோடு இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முட்டை, பயறு, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் இப்போது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கிறது. அது வயிற்றுக்குள் போக வேண்டிய பணம், வயிற்றின் மேலே பூச வேண்டியது இல்லை.

பாவாடை நாடாவையும் கொஞ்சம் பாருங்கள். இடுப்பில் இறுக்கிக் கட்டினால் அந்த இடம் கறுத்துத் தடித்து அரிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் நைட்டியோ, அகலமான பட்டை வைத்த பாவாடையோ நல்லது.

பழைய தழும்பு போகுமா?

கூட்டத்தில் கடைசியாக ஒரு உறுப்பினர், எல்லாரும் எழுந்து போன பிறகு, தனியாக வந்து கேட்டார். இரண்டு பிள்ளை பெற்றவர். “வயிறைப் பார்த்தாலே அசிங்கமா இருக்குன்னு அவர் சொல்லிட்டார் மேடம். அதுலேர்ந்து புடவையை ஏத்திக் கட்டிக்கிட்டுத்தான் நடக்கிறேன். ஏதாவது எண்ணெய் சொல்லுங்களேன்.”

அவருக்கு எண்ணெய் சொல்ல எங்களிடம் இல்லை. வந்த தழும்பு முழுசாக அழியாது. பிள்ளை பிறந்து ஒரு வருஷத்தில் தானாகவே பாதி மங்கிவிடும், நிறம் வெளுக்கும். தொப்புளுக்கு மேலும் கீழும் ஓடும் கருப்புக் கோடு வேறு, அது தானாகவே மறையும். பெரிய ஆஸ்பத்திரிகளில் லேசர் வைத்துத் தழும்பைக் கொஞ்சம் மங்கச் செய்கிறார்கள். பல தடவை போக வேண்டும், செலவு அதிகம், முழுசாகப் போகும் என்று அவர்களே சொல்வதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னோம்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் காதில் இது விழுந்துவிட்டது. நான்கு பிள்ளை பெற்றவர், வாய் சும்மா இருக்காது. திரும்பி வந்து, “அவர் பிள்ளையைத்தானடி சுமந்த? அவரை என் வீட்டுக்கு அனுப்பு, என் வயித்தைக் காட்டறேன்” என்றார். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

அந்த 3,000 ரூபாய்க் கடன் இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது. கடைசி பாட்டிலைப் பிரிக்கவே இல்லையாம். வியாபாரியின் போன் நம்பர் இப்போது எடுப்பதில்லை.